கைவாகுக்கு எத்தனை வெள்ளி, மாப்ளே?

மாப்ளே, உன் மவனோட பத்து விரல் ரேகையையும் கம்ப்யூட்டர்ல ஒத்தி எடுத்து, அவனுக்குப் பிறவியிலேயே என்னென்ன திறமை இருக்குன்னு கலர் கலரா வட்டம் போட்டு ஒரு புத்தகமே குடுத்திருக்காங்களாமே. உன் பொண்டாட்டி வாட்சப்புல அனுப்பி வச்சா, பார்த்தேன். ஆறு வயசுப் பயலுக்குத் தலைமைப் பண்பு இத்தனை சதவீதம், இசை ஞானம் இத்தனை சதவீதம். ரொம்ப சந்தோஷம். அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியுமான்னு மட்டும் அந்தப் புத்தகத்துல எங்க தேடியும் காணோம்.

ரேகையை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கிறது போலீஸ்காரன் வேலை, அது சரி. ரேகையை வச்சு அறிவைக் கண்டுபிடிக்கலாம்கிறதுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாதுன்னு இந்தியாவுல மனநல மருத்துவர்கள் சங்கமே சொல்லியாச்சு. சுங்கை பட்டாணியில அது இன்னும் காதுல விழலை போல. கிளி ஜோசியக்காரனாவது ரெண்டு வெள்ளிக்கு ஒரு சீட்டு எடுத்துக் குடுப்பான், கூடவே கிளியையும் பார்க்கலாம்.

நீ கோவிச்சுக்காதே. அந்தப் புத்தகத்துல ‘பக்காட்’னு மலாய்ல போட்டிருக்கிற சமாச்சாரத்தை நம்ம லயத்துல கைவாகுன்னு சொல்லுவோம். வாகுன்னா அழகு, ஒளி. வடமொழி வழியா வந்த வாகு தோளையும் கையையும் குறிக்கும். வீரவாகுங்கிற பேரே தோள்வலிமையில வந்ததுதான். ஆக கைவாகுன்னா கையோட கை, இல்லேன்னா கையோட அழகு. எப்படி வச்சுக்கிட்டாலும் கேட்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. அதோட சொந்தக்காரங்களும் நிறைய. மருந்து குடுத்தா உடனே கேட்கிற டாக்டருக்குக் கைராசி, ரசம் வச்சா தெருவே மணக்கிற அத்தைக்குக் கைமணம், நகை செய்யிற பத்தருக்குக் கைநேர்த்தி.

மலாய்க்காரனும் இதுல நமக்குச் சளைச்சவன் இல்லை. ஆத்தா கைச் சாப்பாட்டு ருசிக்கு ‘ஆயர் தாங்கான்’, அதாவது கையோட தண்ணிம்பான். செடி நட்டா தழைச்சு வர்ற கைக்கு ‘தாங்கான் செஜுக்’, குளிர்ந்த கை. பந்து உதைக்க வராத காலுக்கு ‘காக்கி பங்கு’, பெஞ்சுக்கால். திருடனுக்கு மட்டும் ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணின மாதிரி ஒரே பேரு: நமக்கு கை நீளம், அவனுக்கு ‘பாஞ்சாங் தாங்கான்’. ரெண்டு சாதியும் திருட்டுக் கையை அளந்து பார்த்துத்தான் பேரு வச்சிருக்கு, கவனிச்சியா? நல்ல கையை யாரும் அளந்து பார்க்கலை. மணக்குது, குளிருது, ராசியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. வம்பே அங்கதான்.

எங்க காலத்துல விடியக்காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நிக்கும்போது ஒரு துரை அடிக்கடி சொல்லுவான், தமிழாளுங்களுக்குப் பால்மரம் வெட்டுறதுல பிறவிக் கைன்னு. கங்காணி அதை எங்களுக்கு மொழிபெயர்க்கும்போது அவர் மொகமே பூத்துப்போகும். எங்களுக்கும் நெஞ்சு நிமிரும். அன்னிக்குக் காலையில பத்து மரம் கூடவே வெட்டிப்புடுவோம். எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். பால்மரத்தோட சொந்த ஊரு பிரேசில். 1876-ல விக்காம்னு ஒரு வெள்ளைக்காரன் அங்கிருந்து எழுபதாயிரம் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனான். கியூ தோட்டத்துல முளைச்சதுல 22 கன்னு அடுத்த வருஷம் சிங்கப்பூருக்கு வந்துச்சு. அதுல சிலதை ஹியூ லோங்கிற வெள்ளைக்கார அதிகாரி கோலகங்சார்ல நட்டார். எங்க பாட்டன் தஞ்சாவூர்ப் பக்கம் நெல்லு அறுத்துக்கிட்டு இருந்த ஆளு. கங்காணி பேச்சைக் கேட்டு நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி, பினாங்குல இறங்குற வரைக்கும் இந்த மரத்தைக் கனவுலகூடக் கண்டதில்லை. பார்க்காத மரத்துக்குப் பிறவிக் கை எப்படி மாப்ளே முளைக்கும்? அவரோட ரேகையை எடுத்துப் பார்த்திருந்தா அருவா பிடிக்கிற கைன்னு வேணா வந்திருக்கும்.

பிரேசில்லயே இந்த வித்தை பிறவியில வரலை. அங்க கோடாலியால கொத்தித்தான் பால் எடுத்தாங்க, மரமெல்லாம் காயம். ஒரே காயத்தை மறுபடி மறுபடி மெல்லிசா சீவினா மரமும் சாகாது, பாலும் கூடிக்கிட்டே போகும்னு கண்டுபிடிச்சது ரிட்லிங்கிற மனுஷன். 1888-ல சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பா வந்தவர். பை நெறைய விதையை வச்சுக்கிட்டுத் தோட்டக்காரங்க கிட்டயெல்லாம் நடுங்க நடுங்கன்னு கெஞ்சுவாராம். காப்பி போட்டுக் காசு பார்த்துக்கிட்டிருந்தவங்க அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ன்னு பட்டம் குடுத்தாங்க. அந்தப் பைத்தியம் நூறு வயசு வாழ்ந்து 1956-ல செத்துச்சு. காப்பித் தோட்டம் எங்க போச்சுன்னு தெரியலை.

இப்ப அந்த வித்தையைச் சொல்றேன், கேளு. நீ கூலிம் ஹைடெக்ல தூசி படாத அறையில வெள்ளை அங்கி போட்டு நிக்கிற ஆளு, உளியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டே.

மரத்துப் பட்டைக்குள்ள பால் ஓடுற குழாய் நேரா மேல போகாது. லேசா வலப்பக்கம் சாஞ்சு சுத்திக்கிட்டுப் போகும். அதனால கோடு இடப்பக்கம் ஒசந்து வலப்பக்கம் இறங்கணும், சுமார் முப்பது பாகை சாய்வு. அப்பத்தான் குழாய் அதிகமா அறுபடும். கோட்டை மாத்திப் போட்டா அதே மரம், அதே பட்டை, பால் மட்டும் கொறையும். அந்தக் குழாயெல்லாம் நெருக்கமா இருக்கிறது பட்டையோட உள்பக்கம். அதுக்கும் உள்ளே மரம் வளர்றதுக்கான ஈரச் சவ்வு. சவ்வுக்கு ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போது உளி நிக்கணும். முன்னாடியே நின்னா பால் வராது. தாண்டினா காயம். காயம்பட்ட எடத்துல பட்டை திரும்பி வளரும்போது முண்டு முண்டா வரும், அஞ்சாறு வருஷம் கழிச்சு அங்க மறுபடி வெட்டவே முடியாது. ஒரு வெட்டுக்கு எடுக்கிற சீவல் ஒண்ணு ஒண்ணரை மில்லிமீட்டர் கனம். அதுக்கு மேல எடுத்தா பட்டை சீக்கிரம் தீர்ந்துபோகும், கிராணி கோலை எடுத்து அளந்து பார்ப்பார்.

இதையெல்லாம் எப்போ செய்யணும்? விடியறதுக்கு முன்னாடி, நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு. வெயில் ஏறினா மரத்துக்குள்ள அழுத்தம் கொறைஞ்சு பால் சீக்கிரம் நின்னுபோகும். ஒருத்தருக்கு ஐநூறு மரம்னு வச்சுக்கோ, சில நெரையில அதுக்கும் மேல. ஒரு மரத்துக்கு அரை நிமிஷம்கூடக் கெடைக்காது. அதுக்குள்ள வெட்டுக்கோட்டுல காஞ்சு ஒட்டியிருக்கிற கோட்டுப்பாலை உரிச்சு, பால் பிடிக்கிற மங்கைத் தொடைச்சு, சீவி, மங்கை மாட்டிட்டு அடுத்த மரத்துக்கு நடக்கணும். கொசு ஒருபக்கம், அட்டை ஒருபக்கம். பட்டை நனைஞ்சா பால் கோட்டை விட்டு வழிஞ்சு ஒழுகிடும். அதனால மழை பேஞ்சா வெட்டு கிடையாது, வெட்டு இல்லேன்னா கூலியும் கிடையாது.

ஒரு மில்லிமீட்டரை இருட்டுல கண்ணு பார்க்காது. கைதான் பார்க்கணும். உளி பட்டையில போகும்போது ஒரு சத்தம், சவ்வுகிட்ட நெருங்கும்போது வேற சத்தம். அதைக் கேட்டு மணிக்கட்டு தானா நிக்கணும். இது வர்றதுக்கு புதுசா வர்றவங்களை வெட்டிச் சாய்க்கப்போற கிழட்டு மரத்துல பழகவிடுவாங்க. அந்த மரம் எப்படியும் சாகப்போகுது, இவன் குத்திக் கிழிச்சாலும் துரைக்கு நட்டம் இல்லை. எங்களுக்கு அதுக்கும் முன்னாடியே பள்ளிக்கூடம் நடந்துச்சு. ஆத்தா பின்னாலேயே போயி மங்கு தொடைச்சு, கோட்டுப்பால் பொறுக்கி, அவ கை திரும்புறதையே வருஷக்கணக்கா வேடிக்கை பார்த்த பிள்ளைங்கதானே நாங்க. அதைத்தான் துரை பிறவிக் கைன்னான். ஆறு வயசுலேருந்து சம்பளம் இல்லாம படிச்ச படிப்பு அவன் கண்ணுக்குப் பிறவியாத் தெரிஞ்சிருக்கு.

இதுல பால்ல தண்ணி கலக்கிற கைவாகுன்னு தனியா ஒண்ணு உண்டு. அதைச் சொன்னா நம்மாளுங்க கோவிச்சுக்குவாங்க, அதனால கொஞ்சமாச் சொல்றேன். ஸ்டோர்ல நிறுத்துப் போடும்போது பாலுக்குள்ள மெட்ரோலாக்னு ஒரு மிதவையை விடுவாங்க. தண்ணி எவ்வளவு, ரப்பர் எவ்வளவுன்னு அது காட்டிக்குடுத்துடும். தோள்ல சுமக்கிற காண்டாக் கம்புல தொங்குற வாளியில ஆத்துத் தண்ணி எவ்வளவு சேர்த்தா மிதவைக்குத் தெரியாதுன்னு கண்டுபிடிச்ச மேதைங்களும் எங்க லயத்துல இருந்தாங்க. தராசுத் தட்டுல விரலை வைக்கிற மேதைங்க ஸ்டோர் பக்கம் இருந்தாங்க. இந்த ரெண்டு கைக்கும் யாரும் ராசி, மணம்னு பேரு வைக்கலை பாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். உனக்குப் பிறவியிலேயே வருதுன்னு ஒருத்தன் சொன்னா அதுக்குள்ள இன்னொரு கணக்கு ஒளிஞ்சிருக்கும். பிறவியில வந்ததுக்கு அவன் காசு குடுக்க வேண்டியதில்லை. டாக்டர் படிச்சுட்டு வந்தார், படிச்ச செலவையும் சேர்த்துக் கேட்கிறார், குடுக்கிறோம். உன் ஆத்தா படிக்கலை, அது அவ ரத்தத்துலேயே ஊறினது, அப்புறம் எதுக்குக் கூட நாலு காசு? அதனாலதான் மரத்தைச் சாகடிக்காம வருஷக்கணக்கா பால் கறக்கிற அவ்வளவு நுட்பமான வேலை, எந்தப் பத்திரத்துலயும் நிபுணர் வேலைன்னு வரலை. கூலி வேலைன்னுதான் எழுதினாங்க. தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-ல வந்துச்சு. மழை பேஞ்சா பட்டினிங்கிற நிலைமை மாறி மாதச் சம்பளம் வேணும்னு பேசிப் பேசியே ஒரு தலைமுறைக்கு நரை விழுந்துச்சு. குறைஞ்சபட்சச் சம்பளம் 900 வெள்ளிங்கிற சட்டம் நடப்புக்கு வந்தது 2013-ல. அதுக்குள்ள பாதித் தோட்டத்துல பால்மரத்தைச் சாய்ச்சுச் செம்பனை போட்டாச்சு, பிறவிக் கைக்காரங்களெல்லாம் பட்டணத்துத் தரைவீட்டுல கொசு அடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

இது தோட்டத்தோட போன கதைன்னு நெனைச்சுடாதே. 1972-ல பினாங்கு பாயான் லெப்பாஸ்ல சுதந்திர வணிக வலயம் தொறந்தாங்க. மின்னணுச் சாமான் செய்யிற கம்பெனிங்க வரிசையா வந்துச்சு. கூலிம், சுங்கை பட்டாணின்னு நம்ம பக்கத்துலேருந்தெல்லாம் பொம்பளைப் பிள்ளைங்களை இருட்டோட இருட்டா பஸ் ஏத்திக்கிட்டுப் போகும். அந்தச் சமயத்துல வெளிநாட்டு முதலாளிங்களைக் கூப்பிட இந்த நாட்டுல அச்சடிச்ச ஒரு விளம்பரப் புத்தகம், கீழைநாட்டுப் பொண்ணுங்களோட கைத்திறமை உலகமே அறிஞ்சது, அவங்க கை சின்னது, வேகமானதுன்னு அளந்துவிட்டுச்சு. மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்த்து விலை சொல்ற பேச்சு அது. 1981-ல டயான் எல்சன், ரூத் பியர்சன்னு ரெண்டு பொம்பளை ஆராய்ச்சியாளருங்க அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கட்டுரை எழுதினாங்க. இந்த விரல் வேகம் பிறவியில வரலை, சின்ன வயசுலேருந்து வீட்டுல தையலும் வேலையும் பழகிப் பழகி வந்தது, வீட்டுக்குள்ள நடந்த பயிற்சிங்கிறதால யார் கண்ணுக்கும் பயிற்சியாத் தெரியலை, அதனாலதான் சம்பளமும் கம்மின்னாங்க. துரை பேச்சை எனக்கு மொழிபெயர்த்தது எங்க கங்காணி. அதோட உள்அர்த்தத்தை மொழிபெயர்த்தது இந்த ரெண்டு பொம்பளைங்க.

வீட்டுக்குள்ளயும் இதே வியாபாரம்தான் நடக்குது, நீ சிரிக்காதே. கோயில் திருவிழாவுல முந்நூறு பேருக்குச் சமைக்கணும்னா யாரைக் கூப்பிடுறோம்? ‘அத்தே, உங்க கைமணம் யாருக்கும் வராது.’ அத்தை பூரிச்சுப்போய் விடியக்காலை மூணு மணிக்கு அடுப்பு மூட்டிடுவா. சாமி ஊர்வலம் போகும்போது அவ பருப்பு கிண்டிக்கிட்டு இருப்பா. கைமணம் இல்லாத நாமெல்லாம் முன்வரிசையில வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நிப்போம். மணம் இல்லாத கையா பொறக்கிறதுல எவ்வளவு சௌகரியம் இருக்குன்னு ஆம்பளைங்களுக்கு நல்லாத் தெரியும். உனக்கும் தெரியும். போன தீபாவளிக்கு முறுக்குப் பிழிய வரலைன்னு எவ்வளவு வருத்தமா முகத்தை வச்சுக்கிட்டு டிவி முன்னாடி உக்காந்திருந்தே!

கைவாகு இல்லேங்கிறதும் ஒரு தொழில்தான். அதை நல்லாப் பழகிக்கிட்டா ஆயுசு முழுக்கச் சாப்பிடலாம்.

கோப்பிக்கடையில நேத்து ஒரு ஆளு சிவசங்கரியைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தான். நம்ம கெடா பொண்ணு, ஸ்குவாஷ் ஆடுறாளே, அவதான். ‘அதெல்லாம் பிறவியிலேயே வர்றது, நம்ம பிள்ளைங்களுக்கு எங்க வரும்’னான். நான் கோப்பியை உறிஞ்சிக்கிட்டே கேட்டேன், 2022-ல கார் விபத்துல கழுத்துல அடிபட்டுப் படுத்தாளே, அப்போ அந்தப் பிறவி எங்க போயிருந்துச்சு? அவ எழுந்து, திரும்பப் பழகி, அடுத்த வருஷமே ஹாங்சோ ஆசிய விளையாட்டுல ஒற்றையர் தங்கம் எடுத்தா. 2024-ல லண்டன் கிளாசிக் பட்டத்தையும் தூக்கினா. அந்த ஆளு ரொட்டி சானாயைப் பிச்சுக்கிட்டே ‘என்ன இருந்தாலும் பிறவிங்க’ன்னான். அவன் மவன் மூணு தெரு தள்ளியிருக்கிற திடலுக்கு மோட்டர்ல போறவன். பிறவின்னு சொல்லிட்டா அப்பனுக்கும் பொறுப்பு இல்லை, மவனுக்கும் வேர்வை இல்லை.

எழுத்துக்கும் இதே பேச்சுதான். சீ. முத்துசாமிக்கு 2017-ல விஷ்ணுபுரம் விருது குடுத்தப்போ, அவருக்கு எழுத்து ரத்தத்துலேயே ஓடுதுன்னு நம்மூர்லயும் சொன்னாங்க. சொன்னவங்கள்ல எத்தனை பேர் அவரோட ‘மண்புழுக்கள்’ நாவலைப் படிச்சாங்கன்னு நான் கேட்கலை. ரத்தத்துல ஓடுறதை வாசிக்க வேண்டியதில்லையே.

அதுக்காக எல்லாக் கையும் ஒண்ணுன்னு நான் சாதிக்க வரலை. எங்க நெரையில ஒருத்தி மூணு மாசத்துல காயமில்லாம வெட்டினா. அவ புருஷன் மூணு வருஷம் ஆகியும் மரத்தைச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தான், கடைசியில வெளிக்காட்டு வேலைக்குப் போட்டுட்டாங்க. வித்தியாசம் உண்டுதான். ஆனா அந்த மூணு மாசத்துல அவ என்ன பண்ணினான்னு அவ புருஷன் பார்க்கலை, துரையும் பார்க்கலை. மத்தியானம் லயத்துக்கு வந்து வாழைத் தண்டுல சமையல் கத்தியை வச்சுச் சீவிச் சீவிப் பார்ப்பா. புருஷன் அந்நேரம் கள்ளுக்கடையில அவளோட கைராசியைப் புகழ்ந்துக்கிட்டு இருப்பான்.

மலாய்க்காரன் ஒரு விஷயத்துல மட்டும் நம்மைவிட நியாயமா நடந்திருக்கான். ‘பாண்டாய்’னா கெட்டிக்காரன், அந்தப் பேரையே கொல்லனுக்குப் பட்டமாக் குடுத்து ‘பாண்டாய் பெசி’ம்பான். நம்ம மெர்போக் பக்கத்துல சுங்கை பத்துல தோண்டினப்போ பழங்காலத்து இரும்பு உருக்கின உலையும், காத்து ஊதுற மண் குழலும் கும்பல் கும்பலா கெடைச்சுச்சு. அந்தக் குழல்ல நூத்துக்கணக்குல உடைஞ்சு கெடக்கு. இத்தனை தடவை உலை மூட்டிப் பழகின வித்தை பிறவியில வந்ததா, நீயே யோசி. நம்ம காலனி ஆளுங்க அங்க போனா சோழன் வந்த எடம்னு நின்னு போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டு வர்றாங்க.

இப்ப உன் கதைக்கு வா. உன் மேலாளர் உன்னைப் பிறவி டெக்னீஷியன்னு கூட்டத்துல சொன்னாராமே, எல்லாரும் கை தட்டினாங்களாமே. அதுக்கு அடுத்த வாரமே இன்னும் ரெண்டு மிஷினும், புதுசா வந்த நாலு பயலுகளுக்குச் சொல்லிக்குடுக்கிற வேலையும் உன் தலையில விழுந்துச்சாம். உன் பொண்டாட்டி பெருமையாச் சொன்னா, எனக்குப் பெரட்டுக்களம் ஞாபகத்துக்கு வந்துச்சு. அந்தக் கங்காணி மொகம்கூட ஒரு நிமிஷம் தெரிஞ்சுச்சு.

நீ ராத்திரி வேலையில கண்ணு முழிச்சுக் கத்துக்கிட்டது, மிஷின் கோளாறு ஆகும்போது கையேட்டைப் புரட்டினது, மூத்தவங்க திட்டினதைப் பல்லைக் கடிச்சுக் கேட்டது, இதுல எதுவும் உன் தாய் வயித்துலேருந்து வரலை. எல்லாத்தையும் தேதி போட்டு ஒரு தாள்ல எழுதி வை. எந்த மிஷினை எப்போ கத்துக்கிட்டே, யாருக்குச் சொல்லிக்குடுத்தே, எத்தனை தடவை லைன் நிக்காம காப்பாத்தினே, எல்லாம் இருக்கணும். ஆத்தாவுக்குத்தான் எழுதத் தெரியலை, உனக்குத் தெரியும்.

அடுத்த தடவை அவர் உன் தோளைத் தட்டி உனக்கு நல்ல கைவாகுன்னு சொன்னா, நன்றி சொல்லு, மரியாதையாச் சிரி, அந்தத் தாளை அவர் மேசையில வை. இந்தக் கைக்கு மாசம் எத்தனை வெள்ளி கூட்டுவீங்கன்னு கேளு. கேட்டுட்டுப் பேசாம நில்லு மாப்ளே, அவரே பதில் சொல்லட்டும்.